தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் நம்பர் டப்பா

ஹுமேரா படித்துக்கொண்டிருந்த துறைக்கு மூன்று வருடங்களுக்கு முன்புவரை மனையியல் துறை என்று பெயர். பிறகு மேலிடத்தில் யாரோ யோசித்து, குடும்பம் மற்றும் நுகர்வோர் அறிவியல் துறை என்று மாற்றினார்கள். போர்டு மாறியது. ஆய்வகத்து மிக்ஸியும் அதன் விரிசல் விட்ட ஜாரும் மாறவில்லை. கோட்டைமேட்டில் உறவுக்காரர்கள் என்ன படிக்கிறாய் என்று கேட்டால், எம்.எஸ்சி. என்று ஆரம்பித்துப் புதுப் பெயரை முழுசாகச் சொல்வாள். அவர்கள் விழிப்பார்கள். பழைய பெயரைச் சொல்வாள். "அட, சமையல் படிப்பா" என்று நிம்மதியடைவார்கள். கல்யாண வீடுகளில் பிரியாணிக்கு உப்புப் பார்க்க அவளைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அவளுக்கு அதில் கோபம் உண்டு. கோபத்தோடு போய் உப்புப் பார்த்துவிட்டு வருவாள்.

இரண்டாம் ஆண்டு ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது ஓர் உருண்டை. தேங்காய்ப்பால் பிழிந்தபின் மிஞ்சுகிற சக்கையைக் காயவைத்துப் பொடித்து, கம்பு மாவும் வெல்லமும் சேர்த்து, அதில் முருங்கைக்கீரைப் பொடியைக் கலந்து பிடித்த சத்துருண்டை. ரத்தசோகைக்கு நல்லது. நூற்றுக்கு ஐந்து பங்கு பொடி போட்டது ஒரு வகை, பத்து போட்டது ஒரு வகை, பதினைந்து போட்டது ஒரு வகை. சாப்பிடுகிறவர்களுக்கு எது எந்த வகை என்று தெரியக் கூடாது என்பது விதி. அதனால் பெயருக்குப் பதில் மூன்றிலக்க எண்ணாக ஏதாவது ஒன்றை வைப்பார்கள். ஐந்து பங்குக்கு 417, பத்துக்கு 582, பதினைந்துக்கு 936.

மூன்றில் ஹுமேராவின் செல்லப்பிள்ளை 936. இரும்புச்சத்து வரைபடத்தில் அதன் தூண்தான் மற்ற இரண்டையும்விட ஒரு தலை உயரம். நிறம் மட்டும் தொட்டியில் பாசி பிடித்த மாதிரி இருக்கும். அவளுடைய அத்தா ரசாக் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். வாய் காலியாக இருந்தது. "பயிருக்கு அடிக்கிற மருந்து வாசம் வருதும்மா" என்றார். அம்மா ரம்ஜான் பீவி பாதி கடித்ததோடு நிறுத்திக்கொண்டு, "இதை யாரு திம்பா?" என்று மட்டும் கேட்டாள். துறையிலேயே சுவை பார்க்கப் பழக்கப்பட்ட பத்து மாணவிகள் ஒன்பதுக்கு நாலு போட்டார்கள். ஹாஸ்டல் பெண்களுக்கு பப்ஸைத் தவிர எது பிடிக்கும் என்று ஹுமேரா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அத்தாவைக் குறை சொல்ல முடியாது. அவருக்குப் பெரிய கடை வீதிப் பக்கம் பாத்திரக் கடை. விற்காமல் கிடந்த தொண்ணூறு எவர்சில்வர் டப்பாக்களை எடுத்துக் கொடுத்தார். பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மிஷினை வைத்து அவரே உட்கார்ந்து மூடிகளில் எண்ணும் வெட்டினார். ஒவ்வோர் எண்ணுக்கும் முப்பது மூடி.

கிணத்துக்கடவுக்குக் கிழக்கே ஓர் ஊரில் முப்பது வீடுகள் ஒத்துக்கொண்டிருந்தன. சனிக்கிழமைதோறும் உக்கடத்தில் பஸ் ஏறிப் போய் வீட்டுக்கு ஒரு டப்பா கொடுப்பாள். உள்ளே ஆறு உருண்டை. மறுவாரம் டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பிடித்ததா என்று கேட்டுப் படிவத்தில் எண் போட்டுக்கொண்டு, வேறு எண் வெட்டிய டப்பாவைக் கொடுப்பாள். எந்த வாரம் எந்த வீட்டுக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்திருந்தாள். படிவத்தில் ஒன்று என்றால் கொஞ்சமும் பிடிக்கவில்லை, ஒன்பது என்றால் மிக மிகப் பிடித்தது.

ஊரில் முதல் வீடு பழனியாத்தாளுடையது. தேங்காய் உரிக்கிற களத்தில் வேலை. ஐம்பது வயதிருக்கும்.

"வாங்க அம்மணி. வெய்யல்ல வந்திருக்கறீங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்று சொம்பை நீட்டிவிட்டுத்தான் படிவத்தைப் பார்த்தாள்.

"உருண்டை எப்படிங்க்கா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க."

"ஒன்னுல இருந்து ஒன்பது வரைக்கும் இருக்குதுங்க்கா. உங்க மனசுல பட்டதைச் சொல்லுங்க."

"ஒம்பதுதானுங்களா கடேசி? அதுக்கு மேல இல்லீங்களா?"

"இல்லீங்க்கா."

"செரி, பரவால்லீங்க. அதையே போட்டுக்குங்க."

அது 417-க்கு. மறுவாரம் 582-க்கும் ஒன்பது. அதற்கடுத்த வாரம் 936-க்கும் ஒன்பது. பழனியாத்தாள் மட்டுமல்ல, முப்பது வீடும் அப்படித்தான். மூன்று வாரம், தொண்ணூறு படிவம், தொண்ணூறு ஒன்பது. ஹுமேராவுக்குப் பெருமை தாங்கவில்லை. மண்ணோடு வாழ்கிறவர்களுக்குத்தான் நல்ல உணவின் அருமை தெரிகிறது என்று ஆய்வேட்டின் முன்னுரையில் ஒரு வரி சேர்த்தாள்.

டப்பாக்களும் ஒழுங்காகத் திரும்பி வந்தன. எதுவும் வெறும் டப்பாவாக வரவில்லை. கொடுத்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பித் தருகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. கோட்டைமேட்டிலும் கிடையாது. நோன்புக் கஞ்சி வந்த தூக்குவாளியில் ரம்ஜான் பீவி ஒரு கை சீனியாவது போட்டுத்தான் அனுப்புவாள். அதனால் ஹுமேரா அதைப் பெரிதாக எண்ணவில்லை. பை கனக்கிறது என்று மட்டும் நினைத்தாள். ஒருமுறை கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

துறையில் புள்ளிவிவரத்துக்குக் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்ப்பவன் சசிதர் என்கிற ஆராய்ச்சி மாணவன். தொண்ணூறு எண்களையும் உள்ளே ஏற்றி, பொத்தானை அமுக்கி, திரையைப் பார்த்து, மறுபடியும் அமுக்கினான்.

"ஏனுங்க, அந்த ஊர்ல ஒன்பதைத் தவிர வேற நம்பரே புழக்கத்துல இல்லீங்களா?"

"ஏன், நல்லதுதானே?"

"எல்லாம் ஒன்னாவே இருந்தா மெசின் எதை எதோட ஒப்பிடுமுங்க? பிழைன்னு வருது பாருங்க. மேடத்துகிட்ட நீங்களே சொல்லிருங்க, நான் சொல்லலை."

மேடம் என்றது டாக்டர் அன்புச்செல்வியை. ஹுமேராவின் ஆய்வு வழிகாட்டி. சொந்த ஊர் தாராபுரம். ஆனால் கல்லூரிக்குள் தாராபுரத்து வாடை வராமல் பேச இருபத்திரண்டு வருடமாகப் பழகியவர். படிவக் கட்டை மேசையில் தட்டிச் சீராக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"உக்காருங்க ஹுமேரா. இதையெல்லாம் எங்க வெச்சு நிரப்புனீங்க?"

"ஊர்லதாங்க மேடம்."

"எந்த ஊர்ல? கோட்டைமேட்லயா?"

ஹுமேராவின் முகத்தில் ஈயாடவில்லை.

"நம்ம லேப்ல 936-க்கு நாலு வந்துச்சு. நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். நான் எவ்வளவு போட்டிருப்பேன்னு சொல்ல விரும்பலை. அங்க முப்பது வீட்லயும் ஒன்பது. பஸ்ஸுக்குச் சோம்பல்பட்டு ஹாஸ்டல்ல உக்காந்து டிக் அடிக்கற பொண்ணுங்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேங்க. அவங்ககூட நடுநடுவே ரெண்டு ஏழு, ஒரு ஆறுன்னு போடுவாங்க. நீங்க அந்தச் சிரமம்கூடப் படலை."

"சத்தியமா போனேங்க மேடம்."

"நெஜமான டேட்டா கொண்டு வாங்க. இல்லைன்னா இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். சமர்ப்பிக்க இருபத்தாறு நாள் இருக்கு. முடியலைன்னா அடுத்த வருசம் பார்த்துக்கலாம், ஒன்னும் அவசரமில்லைங்க."

கோயம்புத்தூரில் ஒருத்தியைப் பொய்க்காரி என்று சொல்வதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். அதனால் வலி குறைவதாகத் தெரியவில்லை. ஹுமேரா குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஒரு வருடம் போவது ஒரு பக்கம். செய்யாத திருட்டுக்குப் பேர் வாங்கியதுதான் அவளை அறுத்தது. இத்தனை சனிக்கிழமையும் வெயிலில் அலைந்து கறுத்தது மிச்சம்.

அடுத்த சனிக்கிழமை வெறும் படிவங்களோடு ஊருக்குப் போனாள். பழனியாத்தாளின் வாசலில் நின்று, உண்மையைச் சொன்னால்தான் தனக்குப் பட்டம், ஒன்பதே போட்டால் காலேஜில் நம்ப மாட்டேன் என்கிறார்கள் என்று நடந்ததை எல்லாம் சொன்னாள். பழனியாத்தாள் உள்ளே போய்ச் சொம்பு எடுத்துவருவதற்குள் அக்கம்பக்கத்திலிருந்து நாலைந்து பெண்கள் வந்துவிட்டார்கள். விஷயத்தைக் கேட்டு மூக்கின் மேல் விரலை வைத்தார்கள்.

"நம்மனால புள்ளைக்கு இப்படி ஆகிப்போச்சே" என்றாள் ஒருத்தி.

"நாங்க வேணா காலேஜுக்கு வந்து உங்க டீச்சருகிட்டச் சொல்றமுங்க" என்றாள் பழனியாத்தாள். "நெசமாலுமே நல்லா இருந்துச்சுன்னு."

"அது வேண்டாங்க்கா. எது நல்லா இல்லை, எதைச் சாப்பிட முடியலை, அதை மட்டும் சொல்லுங்க."

பழனியாத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தன் கன்னத்தில் ஓங்கி அறையச் சொல்லி ஒரு பெண் கேட்டால் எப்படிப் பார்ப்பாளோ அப்படி.

"கொண்டாந்து குடுத்தவங்ககிட்டயே நல்லா இல்லைன்னு சொல்லச் சொல்றீங்களா அம்மணி?"

பெண்கள் தங்களுக்குள் கொஞ்சம் பேசிக்கொண்டார்கள். பிறகு எல்லோருக்குமாகப் பழனியாத்தாளே வழி சொன்னாள்.

"அவங்களுக்கு ஒம்பது ஆகாதுன்னா விட்டுப்போடுங்க. எத்தனை எட்டு வேணும், எத்தனை ஏழு வேணும்னு சொல்லுங்க. நாங்க ஊட்டுக்கு ஒன்னாப் பங்கிட்டுக்கறமுங்க. நான் வேணா ஆறு எடுத்துக்கறேன்."

மற்றவர்கள் பழனியாத்தாளின் தியாகத்தை மெச்சினார்கள். அடுத்த வீட்டுக்காரி தயங்கித் தயங்கி, தானும் ஓர் ஆறு ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாள்.

ஹுமேராவின் கையில் பேனா இருந்தது. அரை மணி நேரத்து வேலை. முப்பது கையெழுத்தும் அசல். அன்புச்செல்வி மேடம் இந்த ஊருக்கே வந்து விசாரித்தாலும் ஆமாம் ஆமாம் என்று ஊரே தலையாட்டும். ஆசையாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் அதுதான் பொய். ஆனால் அப்படிச் செய்தால், செய்யாதபோது அவர் சொன்னது செய்தபின் உண்மையாகிவிடும்.

"வேண்டாங்க்கா" என்று படிவங்களைப் பைக்குள் திணித்தாள். பழனியாத்தாள் சும்மா அனுப்பவில்லை. வெறுங்கையோடு வந்தவளுக்கு இரண்டு சுரைக்காய் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சுரைக்காயை இறக்கிவைத்தபோது ரம்ஜான் பீவி ஒரு சந்தேகம் கேட்டாள். சமையலறை அலமாரி நிரம்பி, சாமான்கள் கூடத்துக்கு வந்திருந்தன. அதைக் கண்ணால் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏம்மா, அந்த 936-ஆம் தெருக்காரங்கல்லாம் பெரிய தோட்டக்காரங்களா?"

"எந்தத் தெரும்மா?"

"டப்பாவுல அத்தா நம்பர் வெட்டியிருக்காரே. 417 தெரு, 582 தெரு, 936 தெரு. அதுல 936 தெருக்காரங்க மட்டும் அள்ளி அள்ளிக் குடுத்திருக்காங்க. 417 சுத்தக் கருமி. ஒருத்தி நாலு எலுமிச்சம்பழத்தோட நிறுத்திட்டா."

"அது தெரு நம்பர் இல்லம்மா. உருண்டை நம்பர். எல்லா வீட்டுக்கும் எல்லாமே போச்சு."

சொல்லி முடித்தபிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

"உனக்கு எப்படிம்மா தெரியும், 936-லதான் நெறையா வந்துச்சுன்னு?"

ரம்ஜான் பீவி காலண்டரைக் கழற்றிக்கொண்டுவந்து பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பக்ரீத்துக்குக் கறி கொடுத்தனுப்பும்போது தெருவுக்குத் தக்கபடி அனுப்ப வேண்டுமே என்று, டப்பாவைத் திறக்கத் திறக்க எழுதிவைத்திருந்தாள். மூன்று கட்டம். முதல் கட்டத்தில் ஒரு கை கடலை, நாலு எலுமிச்சை, ஒரு கை கொள்ளு. நடுக் கட்டத்தில் கால் படி பச்சைப்பயறு, அச்சுவெல்லம் இரண்டு, முருங்கைக்காய் ஒரு கட்டு. மூன்றாவது கட்டத்துக்கு இடம் போதாமல் ஓரத்தில் ஏறி எழுதியிருந்தாள். டப்பா நிறையத் தட்டுவடை, கூடவே தேங்காய் ஒன்று. டப்பா நிறைய எள்ளு, கூடவே பூவன் ஒரு சீப்பு. டப்பா நிறைய நெய், கூடவே தேங்காய் இரண்டு.

அந்தத் தேங்காய் இரண்டை ஹுமேராவுக்கு நினைவிருந்தது. சொந்தமாக ஒரு தென்னைகூட இல்லாத பழனியாத்தாள், பஸ் வரைக்கும் கூடவே வந்து பையில் போட்டுவிட்டுப் போன தேங்காய்கள். அன்றைக்கு ஏன் இவ்வளவு பிரியம் என்று அவள் யோசிக்கவில்லை. பிரியம் இல்லை அது. பாவம் இந்தப் பிள்ளை, இதைப்போய்ச் செய்துகொண்டு இவ்வளவு தூரம் வருகிறதே என்கிற பரிதாபம். வாயால் ஒன்பது என்று சொன்ன முப்பது வீடும் டப்பாவில் உண்மையைப் போட்டு அனுப்பியிருக்கிறது. ஹுமேராவுக்கு வெட்கமாக இருந்தது. அதே நேரத்தில் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சமையலறைத் தராசை எடுத்து வைத்தாள். மிச்சமிருந்ததை அப்படியே எடைபோட்டாள். சமைத்துத் தீர்ந்துபோனதற்கு, அதே அளவில் வேறு வாங்கிவந்து எடைபோட்டாள். "ஒரு கை" என்று எழுதியிருந்ததற்காக அம்மாவின் கைப்பிடியை ஐந்து முறை எடைபோட்டுச் சராசரி எடுத்தாள். ஐந்தாவது முறை ரம்ஜான் பீவி, "இதுக்குத்தான் எம்.எஸ்சி.யா?" என்று கேட்டாள்.

417-க்குச் சராசரி நூற்றுத் தொண்ணூறு கிராம். 582-க்கு நானூற்று முப்பது. 936-க்கு ஒரு கிலோ முந்நூற்றைம்பது. சசிதர் எண்களை ஏற்றிப் பொத்தானை அமுக்கினான். இந்தத் தடவை பிழை வரவில்லை. முடிவு அழுத்தமானதாக இருந்தால் பக்கத்தில் நட்சத்திரம் வரும். மூன்று நட்சத்திரம் வந்தது. அதற்கு மேல் அந்த மெஷினில் கிடையாது.

அன்புச்செல்வி புது அத்தியாயத்தை இரண்டு முறை படித்தார். "திரும்பி வந்த டப்பாவின் எடையும் உணவின் ஏற்புடைமையும்" என்று தலைப்பு.

"ஏனத்தை வெறுமையாத் தராம இருக்கறது ஒரு வழக்கங்க ஹுமேரா. வழக்கத்தை வெச்சு ஆய்வேடா?"

"வழக்கம் மட்டும்னா எல்லா டப்பாவும் ஒரே எடையில வந்திருக்கணுங்க மேடம். மோசமானதுக்குத்தான் அதிகமா வந்திருக்கு. எந்த வாரம் குடுத்தாலும் அப்படித்தான்."

அன்புச்செல்வி மூன்று நட்சத்திரத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப நெஜமாவே நல்லா இருக்கற பொருளுக்கு என்ன வரணும், உங்க கணிப்புப்படி?"

"வெறும் டப்பா வரணுங்க மேடம்."

"நம்ம பக்கத்துல எந்த வீட்லயும் அது நடக்காது."

"நடக்காதுங்க. அதான் அட்டவணையில பூஜ்யத்துக்கு எதிரே எதுவும் எழுதாம விட்டிருக்கேன்."

மேடம் சிரிக்கவில்லை. வேறு உருண்டை ஒன்று செய்து, எடை குறைகிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார். நம்பினேன் என்று சொல்லவில்லை. இருபத்தாறு நாளில் பதினைந்து மிச்சமிருந்தது.

ஹுமேரா ஆய்வகத்திலேயே கிடந்தாள். முருங்கைப் பொடியை நூற்றுக்கு மூன்று பங்காகக் குறைத்து, அதையும் நெய்யில் வதக்கிச் சேர்த்தாள். வெல்லத்தை எடுத்துவிட்டு நாட்டுச்சர்க்கரை போட்டாள். வறுத்த நிலக்கடலையை ஒன்றிரண்டாக உடைத்துக் கலந்தாள். வரைபடத்தில் இரும்புத் தூண் குட்டையாகிப் போனது. அதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஆனால் யாரும் தின்னாத இரும்பு யாருடைய ரத்தத்திலும் சேரப்போவதில்லை. ஏழாவது முறை செய்ததை அத்தா நாலு சாப்பிட்டுவிட்டு, கடைக்கு எடுத்துப் போக இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். வாசலுக்குப் போகவில்லை. அந்த வகைக்கு 204 என்று எண் வைத்து, வீடுகளுக்கு முப்பதும் கைவசம் ஒன்றுமாக முப்பத்தொரு டப்பாக்களுக்குப் புது மூடி வெட்டி வாங்கினாள்.

அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமை. கொடுத்தாள், திரும்ப வாங்கினாள். எப்படி இருந்தது என்று கேட்கவே இல்லை. பழனியாத்தாள் டப்பாவை நீட்டியபோது உள்ளே நிலக்கடலை கொஞ்சமாகக் குலுங்கியது. திறந்து பார்த்தால் ஒரு கைகூட இல்லை. ஹுமேராவின் கண் நிறைந்துவிட்டது.

பழனியாத்தாள் பதறிப்போனாள். "ஐயோ அம்மணி, ஏதோ ஞாபகத்துல இத்தனூண்டு போட்டுக் குடுத்துப்போட்டேன். இருங்க, தேங்கா எடுத்துட்டு வாரேன்."

"வேண்டாங்க்கா!"

"கண்ணுல தண்ணி வருதுங்களே!"

"அக்கா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், ஒன்னும் வெக்காதீங்க" என்று டப்பாவை இறுக்கி மூடி மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். பின்னாலேயே வந்த பழனியாத்தாள், தன் வீட்டுக்காரர் எடுத்துப் போவதற்குள் உருண்டையை ஒளித்துவைக்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் போகிற போக்கில் சொன்னாள்.

முப்பது வீட்டுக்கும் சராசரி எண்பத்தைந்து கிராம். சமர்ப்பிக்க இரண்டு நாள் இருந்தது. அன்புச்செல்வி எண்களைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எடை குறைஞ்சிருக்கு. ஆனா நீங்க வாராவாரம் போய் நிக்கறீங்க. குடுத்துக் குடுத்து அவங்களுக்குச் சலிச்சும் போயிருக்கலாம் இல்லைங்களா?"

ஹுமேரா விரல்விட்டு நாளை எண்ணினாள். சலிப்பில்லை என்று காட்டப் புதிதாக ஒரு வீட்டைப் பார்க்க வேண்டும். இதற்குமுன் எதுவும் கொடுத்திராத வீடு. அதற்கு நாள் இல்லை.

"இருக்கலாங்க மேடம்" என்றாள். இத்தனைக்கும் பிறகு இப்போது மட்டும் மழுப்புவானேன் என்று தோன்றிவிட்டது.

"முப்பத்தொரு டப்பான்னு எழுதியிருக்கீங்களே, அந்த முப்பத்தொன்னாவது எங்க?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அன்று காலையில் பிடித்த ஆறு உருண்டைகள். அன்புச்செல்வி அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்குச் சொல்றேன். போய்ட்டு வாங்க."

மறுநாள் காலையில் ஒன்பதரைக்கு ஹுமேரா அறைவாசலில் நின்றாள். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. உள்ளே மேசையில் அவளுடைய ஆய்வேடு மூடியிருந்தது. கையெழுத்துப் பக்கம் வெளியில் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு துணிப்பை. மேடம் வீட்டுத் துணிப்பை, அகலமானது. அவ்வளவு பெரிய பையில் என்னென்ன இருக்கும் என்று மனசு பட்டியல் போட ஆரம்பித்தது. தாராபுரத்து அரிசி, தேங்காய், வெண்ணெய்.

அன்புச்செல்வி பையை எடுத்து நீட்டினார். ஹுமேரா கனத்தை எதிர்பார்த்து இரண்டு கையாலும் வாங்கினாள். கை தானாக மேலே போயிற்று.

பைக்குள் டப்பா மட்டும் இருந்தது. மூடியைத் திறந்தாள். கழுவித் துடைத்த எவர்சில்வர். ஒரு கடலைகூட இல்லை. அவளுடைய முகம்தான் அடியில் கலங்கலாகத் தெரிந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது மேடம் அவளைப் பார்க்காமல், ஆய்வேட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். காதுமடல் சிவந்திருந்தது.

"காலைல ரெண்டு தடவை முறுக்கு வெச்சேன். ரெண்டு தடவையும் எடுத்துப்போட்டேன்" என்றார். கையெழுத்தைப் போட்டு, தேதியை எழுதினார். இருபத்திரண்டு வருடமாக அந்த அறையில் வராத பேச்சு அப்போது வந்தது. "எங்க ஊட்ல இருந்து வெறும் டப்பா போச்சுன்னு தாராபுரத்துப் பக்கம் மட்டும் யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க அம்மணி."